ஒரே மாவு, ஒரே எண்ணெய்... கலக்கும் விதம் வேறு!



மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடுபவரை எத்தனையோ முறை நின்று பார்த்திருப்பீர்கள். மாவு உருண்டையைத் தட்டுகிறார். எண்ணெய் தடவிய மேசையில் வீசி வீசி விரிக்கிறார். மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெலிந்த அந்த விரிப்பை மடித்துச் சுருட்டிக் கல்லில் போடுகிறார். வெந்ததும் இரண்டு கைகளாலும் அடித்து நொறுக்குகிறார். ஏடு ஏடாகப் பிரிகிறது. இப்போது அதே மாவையும் அதே எண்ணெயையும் ஒரு சட்டியில் ஒன்றாகக் கொட்டி, நன்றாகப் பிசைந்து, தட்டிச் சுட்டுப் பாருங்கள். ரொட்டி கிடைக்கும். ஆனால் ரொட்டி சானாய் கிடைக்காது. பொருளும் மாறவில்லை, அளவும் மாறவில்லை. மாவும் எண்ணெயும் எந்த விதத்தில் சேர்ந்தன என்பது மட்டுமே மாறியது.

இந்தச் சின்ன விஷயத்திற்குப் பின்னால் பல கோடி வெள்ளி புரளும் தொழில் ஒன்று நிற்கிறது. கார் டயர், குளிர்சாதனப் பெட்டியின் உள்சுவர், காலணியின் அடிப்பகுதி, காரின் கதவு ஓரத்தில் ஓடும் கறுப்பு ரப்பர் பட்டை ஆகிய அனைத்தும் பெரும்பாலும் கலவைகள்தாம். ரப்பரோடு ரப்பர், ரப்பரோடு நெகிழி, நெகிழியோடு நெகிழி என்று கலந்து செய்யப்பட்டவை. அறிவியலார் இவற்றைப் பாலிமர் கலவைகள் என்பார்கள். பாலிமர் என்றால் ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாக நிற்பது. மரத்திலிருந்து வடியும் ரப்பர் பாலில் இருப்பதும் அதுதான், பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் நெகிழியில் இருப்பதும் அதுதான்.

கலவை என்றவுடன், எத்தனை பங்கு இது, எத்தனை பங்கு அது என்று பட்டியல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போர் உண்டு. அந்தப் பட்டியல் பாதிக் கதைகூட இல்லை. எதை முதலில் போடுவது, எந்தச் சூட்டில் கலப்பது, எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பவற்றையும் பொறுத்தே பொருளின் குணம் அமைகிறது. ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு தொழிற்சாலைகள் இரண்டு வேறு பொருள்களைச் செய்ய முடியும்.

ரப்பரிலிருந்து தொடங்குவோம். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியற்காலையில் பால்மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய்த் திராவகம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துச் சீட்டாக்கிப் புகைக் கூண்டில் தொங்கவிடுவார்கள். அதோடு தோட்டத்தின் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தச் சீட்டை அப்படியே வைத்து எதையும் செய்ய முடியாது. அது முரட்டுப் பிள்ளை மாதிரி. இழுத்தால் திரும்பி ஓடும், எதையும் தன்னுள் வாங்கிக்கொள்ளாது.

அதைப் பணிய வைத்தவர் தாமஸ் ஹேன்காக் என்ற ஆங்கிலேயர். 1820இல் லண்டனில் அவர் ஒரு பொறியைச் செய்தார். முள் பதித்த உருளை ஒன்று, அது சுழல ஒரு கூடு. கையால் சுற்ற வேண்டும். வீணாகும் ரப்பர் துண்டுகளை மேலும் சிறிதாகக் கிழித்துப் போடவே அதைச் செய்தார். நடந்ததோ தலைகீழ். துண்டுகள் கிழிபடுவதற்குப் பதிலாக ஒன்றோடொன்று ஒட்டி, சூடான ஒரே உருண்டையாக வெளியே வந்தன! அந்த இரகசியம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக அந்தப் பொறிக்கு ஹேன்காக் வைத்த பெயர் 'பிக்கிள்'. அதாவது ஊறுகாய். வேவு பார்க்க வந்தவர்கள் என்ன ஊறுகாய் போடுகிறார்கள் என்று குழம்பியிருப்பார்கள்.

உள்ளே நடந்தது என்னவென்றால், பல்லில் சிக்கிய நீண்ட ரப்பர் சங்கிலிகள் இழுபட்டு நடுவில் அறுந்தன. அறுந்த முனைகளைக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் பிடித்துக்கொண்டதால் அவை மறுபடி ஒட்டவில்லை. சங்கிலி குட்டையானது, ரப்பர் மென்மையானது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சூடாக்கினால் ரப்பர் சீக்கிரம் மென்மையாகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஏறத்தாழ 110 பாகை செல்சியஸ் சூட்டில்தான் இந்த வேலை மிக மந்தமாக நடக்கிறது. அதற்குக் கீழே, ரப்பர் விறைப்பாக இருக்கும்போது இழுவை அதிகம் என்பதால் சங்கிலிகள் அறுகின்றன. அதற்கு மேலே, சூடும் ஆக்சிஜனும் சேர்ந்து அறுக்கின்றன. இடைப்பட்ட சூட்டில் நின்றுகொண்டு, ஏன் இன்னும் பதம் வரவில்லை என்று பொறியைத் திட்டிப் பயனில்லை.

ரப்பர் தொழிற்சாலைக்குள் போனவர்கள் இரட்டை உருளைப் பொறியைப் பார்த்திருப்பார்கள். இரண்டு கனத்த இரும்பு உருளைகள் அருகருகே கிடந்து ஒன்றை நோக்கி ஒன்று சுழலும். இரண்டும் ஒரே வேகத்தில் சுழலா. ஒன்று சற்று முந்தும், மற்றது பிந்தும். அந்த வேக வேறுபாட்டில்தான் ரப்பர் நடுவில் நசுங்கித் தேய்ந்து பதமாகிறது. ரப்பர் ஓர் உருளையைப் பட்டைபோலச் சுற்றிக்கொள்ள, மேலிருந்து கரித்தூளும் மற்றப் பொடிகளும் தூவப்படும்.

இந்தப் பொறியால் செய்ய முடியாத ஒரு காரியம் உண்டு. ரப்பர் உருளையைச் சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர, இடப் பக்கத்தில் இருப்பது வலப் பக்கம் போவதில்லை. இடது ஓரத்தில் விழுந்த பொடி நாள் முழுவதும் இடது ஓரத்திலேயே சுற்றும். அதை நகர்த்துவது பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் கத்தி. பட்டையைக் குறுக்கே முக்கால் அளவு அறுத்து, பெயர்த்து, மறுபக்கம் மடித்துப் போடுவார். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அதையே செய்வார். எத்தனை முறை அறுத்தார், எப்படி மடித்தார் என்பதைப் பொறுத்தே அந்தக் கலவை சீராகும். ஆய்வகத்தில் ரப்பர் கலக்க இன்றும் வகுக்கப்படும் முறைகளில் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை வெட்டு என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த வேலையைச் செய்பவரை எடுபிடி ஆளாக எண்ணுவது தவறு. அவர் வெட்டாமல் விட்ட இடத்தில்தான் பொருள் பின்னாளில் பிளக்கும்.

ஆபத்தான வேலையும்கூட. உருளைகள் உள்நோக்கிச் சுழல்வதால் ரப்பரோடு கையையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் இந்தப் பொறிகளில் உடல் பட்டாலோ கையால் தொட்டாலோ உடனே நிற்கச் செய்யும் கம்பி பொருத்தப்படுகிறது. அந்தக் கம்பி வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே பொறியை ஓட விட வேண்டும். 1916இல் ஃபெர்ன்லி பேன்பரி என்பவர் மூடிய அறைக்குள் கலக்கும் பொறியை அமைத்தார். சிறகு போன்ற இரண்டு சுழலிகள் உள்ளே சுற்ற, மேலிருந்து ஒரு கனத்த கட்டை அழுத்தும். கையும் உள்ளே போகாது, கரித்தூளும் வெளியே பறக்காது, நேரமும் மிச்சம். டயர் தொழிற்சாலைகள் இன்றும் அந்த வழியில்தான் நடக்கின்றன.

எதை முதலில் போடுவது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. ரப்பரையும் கரித்தூளையும் கலக்கும்போது சூடு 150 பாகை வரை ஏறும். ரப்பரை முறுக்கேற்றும் கந்தகத்தையும் அதை விரைவுபடுத்தும் மருந்தையும் அப்போதே போட்டால், ரப்பர் பொறிக்குள்ளேயே வெந்து கட்டியாகிவிடும். பிறகு அது அச்சில் ஓடாது, குப்பைக்குத்தான் போகும். ஆகவே முதல் சுற்றில் ரப்பரும் கரியும். வெளியே எடுத்து ஆற வைத்து, இரண்டாம் சுற்றில் குறைந்த சூட்டில் கந்தகம். சாம்பாரில் பருப்பு வேகும் முன் புளியை ஊற்றினால் என்ன ஆகும் என்று அம்மாக்களுக்குத் தெரியும். அதே கதைதான்.

டயரின் பக்கச்சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். டயரில் அதிகம் வளைந்து நெளிவது அந்தப் பகுதி. பொதுவாக இயற்கை ரப்பரையும் பியூட்டாடீன் ரப்பர் என்ற செயற்கை ரப்பரையும் கலந்து செய்கிறார்கள். இரண்டையும் கரித்தூளையும் ஒரே நேரத்தில் போட்டால் கரி இரண்டிலும் சமமாகப் பரவாது. செயற்கை ரப்பரின் பக்கமே அதிகம் சாயும். மாறாக, கரியை இயற்கை ரப்பரில் முதலில் கலந்து வைத்துக்கொண்டு, பிறகு மற்றதைச் சேர்த்தால் கரியின் இருப்பிடம் மாறும். எடை போட்டால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் விரிசல் எவ்வளவு வேகமாக வளரும், ஓடும்போது டயர் எவ்வளவு சூடேறும் என்பவை வேறுபடும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த வேறுபாட்டின் மேல்தான் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது.

சரி, ஏன் இவ்வளவு பாடு? உப்பு தண்ணீரில் தானாகக் கரைகிறதே, பாலும் தண்ணீரும் ஊற்றியதும் கலக்கின்றனவே, இவை மட்டும் ஏன் கலக்க மறுக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம்.

பத்துமலையில் தைப்பூசத்தன்று இரண்டு சாலைகளிலிருந்து வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக நடப்பதால் சில நிமிடங்களில் யார் எந்தச் சாலையில் வந்தார் என்று பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகிறார்கள். அதே கூட்டத்தை ஆயிரம் ஆயிரம் பேராக ஒரு கயிற்றில் கட்டிவிட்டால்? ஒரு கயிற்றில் இருப்பவர் தன்னிச்சையாக நகர முடியாது. இரண்டு சாலைக் கூட்டமும் தனித்தனிக் கும்பலாகவே நிற்கும். சிறு மூலக்கூறுகள் கலக்கும்போது கிடைக்கும் அந்தச் சுதந்திரம் நீண்ட சங்கிலிகளுக்குக் கிடைப்பதில்லை. இதனைக் கணக்காக எழுதிக் காட்டியவர்கள் அமெரிக்காவின் பால் ஃப்ளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும், 1940களின் தொடக்கத்தில். ஃப்ளோரிக்கு 1974இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவர்களின் கணக்குப்படி பெரும்பாலான பாலிமர் ஜோடிகள் உண்மையில் கலப்பதே இல்லை. ஒன்றுக்குள் ஒன்று துளித்துளியாகவோ, இழையாகவோ, ஏடாகவோ சிதறி நிற்கின்றன. கண்ணுக்கு ஒரே பொருளாகத் தெரிவதற்குக் காரணம் அந்தத் துளிகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காக, அதாவது ஒரு மைக்ரானாக இருப்பதே. மனமொத்த ஜோடிகளும் சில உண்டு. இயற்கை ரப்பரை வேதியியல் முறையில் மாற்றி எடுக்கும் எபாக்ஸி ரப்பரில் ஒரு வகை, குழாய்கள் செய்யும் பிவிசியோடு உண்மையாகவே கலக்கும். ஆனால் அத்தகைய ஜோடிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவற்றில் துளியின் அளவும் வடிவமும் என்ன என்பதே பொருளின் தலைவிதி. அதை எழுதுவது கலக்கும் முறை.

இதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் உள்சுவரைவிடச் சிறந்த சான்று கிடையாது. வெள்ளை வெளேரென்று இருக்கும் அந்தச் சுவர் பெரும்பாலும் பாலிஸ்டைரின் என்ற நெகிழியில் ரப்பர் சேர்த்தது. தனிப் பாலிஸ்டைரின் கண்ணாடிபோல இருக்கும், கண்ணாடி மாதிரியே உடையும். மலிவான ஒளிபுகும் பிளாஸ்டிக் குவளை கைதவறி விழுந்தால் சிதறுகிறதே, அதுதான். அதற்குள் ரப்பரைப் புகுத்தினால் அடி தாங்கும் என்ற எண்ணம் இவான் ஒஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கி என்ற ரஷ்ய வேதியியலாளருக்குத் தோன்றியது. அமெரிக்காவில் குடியேறிய அவர், ஸ்டைரின் என்ற திரவத்தில் ரப்பரைக் கரைத்து, அந்த ஸ்டைரினை உறைய வைத்துக் கெட்டியாக்கும் முறைக்கு 1927இல் காப்புரிமை பெற்றார். கெட்டியான பொருள் கிடைத்தது. ஆனால் அதை உருக்கி அச்சில் வார்க்க முடியவில்லை. யோசனை சரி, பொருள் சரி, அளவும் சரி. வணிகத்தில் அது நிற்கவில்லை.

கால் நூற்றாண்டு கழித்து டௌ நிறுவனத்தைச் சேர்ந்த ஜே. எல். அமோஸும் அவருடைய தோழர்கள் இருவரும் அதே சரக்குகளை எடுத்துக்கொண்டு 1954இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். அவர்கள் புதிதாகச் சேர்த்த பொருள் என்ன தெரியுமா? ஒன்றும் இல்லை. கெட்டியாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைக் கிளறிக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவுதான்!

வெண்ணெய் கடையும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். பாலாடையில் கொழுப்பு துளிகளாகவும் தண்ணீர் அவற்றைச் சூழ்ந்தும் நிற்கிறது. மத்தால் கடைந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் எல்லாம் தலைகீழாகி, கொழுப்பு திரண்டு, தண்ணீர் அதற்குள் சிறு துளியாகிவிடுகிறது. கடையாமல் வைத்திருந்தால் வெண்ணெய் திரளாது. பாலிஸ்டைரினிலும் இதுவே நடக்கிறது. தொடக்கத்தில் ரப்பர்க் கரைசல் எங்கும் சூழ்ந்திருக்க, புதிதாக உண்டாகும் பாலிஸ்டைரின் அதற்குள் துளிகளாகத் தோன்றும். பாலிஸ்டைரின் பெருகிப் பெருகி ஏறத்தாழ ரப்பர் அளவுக்கு வந்ததும், கிளறினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். ரப்பர் துளியாகிவிடும், பாலிஸ்டைரின் சூழ்ந்துகொள்ளும். கிளறாவிட்டால் ரப்பர் வலைபோல எங்கும் பின்னி நின்று, பொருளை உருக விடாது. ஒஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கியின் பானையில் நின்றது அந்த வலைதான்.

இடம் மாறும்போது இன்னொரு நன்மையும் சேர்கிறது. ரப்பர்த் துளிகள் தமக்குள் குட்டிக் குட்டிப் பாலிஸ்டைரின் துளிகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. 1960களின் நடுவில் ஜப்பானைச் சேர்ந்த கட்டோ என்ற ஆய்வாளர் ஆஸ்மியம் டெட்ராக்சைடு என்ற வேதிப்பொருளால் ரப்பருக்கு மட்டும் சாயமேற்றி மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கும் வழியைக் காட்டினார். அதன் பிறகு இந்தத் துளிகளைப் படமாகவே பார்க்க முடிந்தது. வெள்ளைப் புள்ளிகள் நிறைந்த கறுப்பு வட்டங்கள். கொஞ்ச ரப்பர் இப்படி உப்பிப் பெரிதாகி, தன் எடைக்கு மீறிய வேலையைச் செய்கிறது. முன்பே தயாரான பாலிஸ்டைரினையும் ரப்பரையும் உருக்கிக் கலந்தால் இத்தனை பலன் வருவதில்லை.

தயிர்க் குவளையையோ பிளாஸ்டிக் மூடியையோ மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைந்த இடம் வெளுக்கும். அடி விழும்போது ஒரே பெரிய விரிசலாக ஓட வேண்டிய சக்தியை ரப்பர்த் துளிகள் ஆயிரமாயிரம் நுண்கீறல்களாகப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டதன் அடையாளம் அந்த வெளுப்பு.

அப்படியானால் துளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பாலிஸ்டைரினுக்கு ஒரு மைக்ரானும் அதற்குச் சற்று மேலும் பொருத்தம். மிகச் சிறிய துளிகளை அந்த நுண்கீறல்கள் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். நைலானில் நிலைமை வேறு. டூபாண்ட் நிறுவனத்தின் சூஹெங் வூ 1985இல் காட்டியது, துளிகளுக்கு இடையே உள்ள நைலான் சுவரின் தடிப்பு ஏறத்தாழ 0.3 மைக்ரானுக்குக் கீழே போனால்தான் நைலான் திடீரென்று முரட்டு உறுதி பெறுகிறது என்பதை. அதற்கு மேலே இருந்தால் உடைகிறது. அவ்வளவு நெருக்கமாகத் துளிகள் நிற்க வேண்டுமானால், குறைந்த ரப்பரைக் கொண்டே செய்ய வேண்டுமானால், துளிகள் மிகச் சிறியவையாக இருந்தாக வேண்டும்.

துளியைச் சிறிதாக்குவதும் கேட்பதுபோல் எளிதன்று. கேம்பிரிட்ஜின் ஜி. ஐ. டெய்லர் 1930களில் நான்கு உருளைகளை ஒரு திரவத்தில் சுழல விட்டு, நடுவே ஒரு துளியை மிதக்கச் செய்து, அது எப்போது நீள்கிறது, எப்போது அறுகிறது என்று பார்த்தார். பின்னால் வந்தவர்கள் அந்த ஆய்வை நீட்டித்து ஓர் உண்மையைக் கண்டார்கள். துளி, தன்னைச் சூழ்ந்த பாகைவிட ஏறத்தாழ 4 மடங்குக்கு மேல் கெட்டியாக இருந்தால், உருட்டித் தேய்ப்பதால் அது அறவே உடையாது. அப்படியே சுழன்றுகொண்டு கிடக்கும். வேகத்தைக் கூட்டினாலும் பயனில்லை. இழுத்து நீட்டினால் மட்டுமே உடையும். நீர்த்த மாவில் விழுந்த கட்டியைக் கரண்டியால் எவ்வளவு சுற்றினாலும் அது கரண்டிக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருப்பதைக் கண்டிருப்பீர்கள். விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினால்தான் வழிக்கு வரும். ஆகவே எந்தப் பொறி தேய்க்கிறது, எந்தப் பொறி இழுக்கிறது என்பது வெறும் விலைப்பட்டியல் விவகாரம் அல்ல.

இந்த இடத்தில் ரொட்டி சானாய் மறுபடி வருகிறது. அரிசியளவு நெகிழிக் குறுணைகள் எப்படி ஒரு மைக்ரான் துளிகளாகின்றன? பெரிய துளி இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படியே சிறுத்துப் போகும் என்றுதான் பலரும் எண்ணியிருந்தனர். 1991இல் அமெரிக்காவின் மின்னெசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்காட், மக்காஸ்கோ என்ற இருவர் பொறியை வெவ்வேறு நேரங்களில் சட்டென்று நிறுத்தி, உள்ளே இருந்ததை எடுத்து, சூழ்ந்த நெகிழியை மட்டும் கரைத்துவிட்டு மிச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். குறுணை முதலில் உருகிய மேற்பரப்பில் இழுபட்டு மெல்லிய விரிப்பாகிறது. விரிப்பில் ஓட்டைகள் விழுகின்றன. ஓட்டைகள் பெரிதாகி, விரிப்பு வலையாகி, வலை அறுந்து துளிகளாகிறது. இவ்வளவும் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள்! மாமாக் கடை மேசையில் விரியும் மாவில் ஓட்டை விழுவதைப் பார்த்தவருக்கு இந்தப் படம் புதிதாகத் தெரியாது.

அதன் பிறகு அதிக நேரம் கலப்பதால் பெரிய ஆதாயம் இல்லை, சில நேரம் நட்டமும் உண்டு. துளிகள் மோதி மீண்டும் ஒன்றுசேரும். சூடு சங்கிலிகளை அறுக்கும். நன்றாகக் கலந்த சரக்கை உருகிய நிலையில் அச்சுக்குள் சும்மா வைத்திருந்தாலும் துளிகள் பருத்துவிடும். ஒன்றுசேர விடாமல் தடுப்பதற்கு இரண்டு பக்கமும் உறவுள்ள ஒரு தரகர் வேண்டும். எண்ணெய்ப் பாத்திரத்திற்குச் சோப்பு எப்படியோ, அப்படி. பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இயற்கை ரப்பரையும் பாலிபுரோப்பிலீனையும் கலந்தபோது பயன்படுத்திய தரகர், சங்கிலிகளைக் குட்டையாக அறுத்துத் திரவமாக்கிய அதே இயற்கை ரப்பர். தோட்டத்துப் பாலுக்குத் தோட்டத்துப் பாலே தூது!

ரப்பர் போல வளைந்து, நெகிழி போல மறுபடி உருகும் பொருள் ஒன்று வேண்டும் என்ற ஆசை வெகுகாலமாக இருந்தது. ரப்பரையும் பாலிபுரோப்பிலீனையும் கலந்து, அச்சில் வைத்து ரப்பரை முறுக்கேற்றினால் எல்லாம் ஒரே கட்டியாகி இனி உருகாது. அதே முறுக்கேற்றத்தைக் கலக்கிக்கொண்டிருக்கும்போதே நடத்தினால்? ரப்பர் முறுக்கேறும் அதே நேரத்தில் கிழிபட்டுச் சிறு துணுக்குகளாகிவிடுகிறது. பாலிபுரோப்பிலீன் அவற்றைச் சூழ்ந்துகொள்கிறது. ரப்பர் பாதிக்கு மேல் இருந்தாலும் பொருள் நெகிழிபோல ஓடும். 1962இல் ஒரு காப்புரிமையில் முளைவிட்ட இந்த எண்ணத்தை மான்சான்டோ நிறுவனத்தின் கோரனும் படேலும் வளர்த்தெடுக்க, 1981இல் சாண்டோபிரீன் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. கார் சன்னல் ஓரப் பட்டைகளிலும் பல்துலக்கியின் மென்மையான பிடியிலும் இன்று காண்பது இந்த வகைப் பொருள்களையே. நேரம் மாறியது, பொருள் மாறியது.

இவ்வளவும் தொழிற்சாலைக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாதபடி 2018 வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதிக்குக் கதவடைத்தது. உலகின் குப்பைக் கப்பல்கள் மலேசியாவை நோக்கித் திரும்பின. கோல லங்காட் மாவட்டத்தின் ஜெஞ்ஜாரோமில் அனுமதியில்லாத ஆலைகள் முளைத்தன. இரவு நேரத்தில் நெகிழி எரியும் நாற்றத்தில் தூங்க முடியவில்லை என்று மக்கள் புகார் செய்தார்கள். எரிக்கப்பட்டது எது? தரம் பிரித்த, ஒரே வகை நெகிழிக்கு விலை உண்டு, அதை யாரும் எரிப்பதில்லை. பல வகையும் கலந்து கிடந்ததற்குத்தான் வாங்க ஆளில்லை.

ஏன் வாங்க ஆளில்லை என்பதற்கு விடையும் துளிகளில்தான் இருக்கிறது. ஷாம்பு போத்தல் பாலிஎத்திலீன், அதன் மூடி பாலிபுரோப்பிலீன். இரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை. உடன்பிறந்தவை என்றே சொல்லலாம். இருந்தும் ஒன்றாக உருக்கினால் சேர்வதில்லை. துளிக்கும் சூழலுக்கும் இடையே பிடிப்பு இல்லாததால் இழுத்தவுடன் பட்டென்று முறியும். தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்கலாம் என்றால், குடிநீர் போத்தலின் நெகிழி மூழ்கிவிடும், இவை இரண்டுமே மிதக்கும். மறுபடி மறுபடி உருக்கினாலோ பாலிபுரோப்பிலீனின் சங்கிலிகள் அறுந்து இளகும், பாலிஎத்திலீனின் சங்கிலிகளோ ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படக்கூடும். நேற்று பொருந்திய கலக்கும் முறை இன்று பொருந்தாது.

2017இல் அமெரிக்காவின் கார்னெல், மின்னெசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இரண்டு சங்கிலிகளையும் மாறி மாறி நான்கு துண்டுகளாகக் கோத்த ஒரு தரகரை உருவாக்கி, 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 1 பங்கு சேர்த்தாலே போதும், பட்டென்று முறிந்த கலவை இழுத்தால் நீண்டு கொடுத்தது. ஆய்வகத்தில் இது நடந்தது புதிய, சுத்தமான நெகிழியில். குப்பையிலிருந்து வரும் போத்தலில் மிச்சமிருக்கும் ஷாம்பு, காகிதச் சீட்டின் பசை, நிறச்சாயம் எல்லாம் சேர்ந்தே பொறிக்குள் போகின்றன. தரகருக்கான விலையையும் அந்த மலிவுச் சரக்கே சுமக்க வேண்டும். அந்த ஒரு பங்கு மற்ற 99 பங்கிலும் உள்ள ஒவ்வொரு துளியின் மேற்பரப்பையும் தேடிப் போய்ச் சேர்வதற்குக் கிடைப்பது, இரட்டைத் திருகுப் பொறிக்குள் சரக்கு நுழைந்து வெளியேறும் ஓரிரு நிமிடங்கள் மட்டுமே.